கத்தி செய்ய ஒரு பெல்ட் கிரைண்டர்: பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள்

திசையன்விளைப் பக்கம் பாளை சீவும் அரிவாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரக்கட்டையில் கல்பொடி தூவிப் பனையேறி தீட்டி வைத்திருக்கிற அந்தக் கூர், கடைக் கத்திகளில் லேசில் கிடைக்காது. அந்த அலகை அடித்துக் கொடுத்த ஆசாரியின் பட்டறையில் உலை, சம்மட்டி, அரம், சாணைக்கல் இவ்வளவுதான் இருந்திருக்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கத்தி செய்ய பெல்ட் கிரைண்டர், அதாவது மணல் ஒட்டிய பெல்ட்டை மோட்டாரில் ஓட்டி இரும்பைத் தேய்க்கிற மெஷின், கட்டாயம் இல்லை. ஆனால் அரத்தால் இரண்டு நாள் ராவுகிற வேலையை அது ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பட்டறையில் நிற்க முடிகிற ஆளுக்கு அது பெரிய விஷயம்.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த மெஷின் வாங்கலாம் அண்ணாச்சி?" என்பதுதான். மெஷினைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெல்ட்டைப் பாருங்கள் என்பேன். மெஷினுக்கு ஒரு முறைதான் காசு கொடுக்கிறீர்கள். பெல்ட்டுக்குக் காலம் முழுக்கக் கொடுக்கப் போகிறீர்கள். நான் முதலில் வாங்கியது 1 அங்குல அகலம், 30 அங்குல நீளமுள்ள பெல்ட் ஓடும் ஒரு சின்ன மெஷின். வீட்டுக் கத்தி தீட்ட அது போதும். ஆனால் லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய துண்டை வைத்து அழுத்தியதும் நின்றுவிட்டது. அதற்கு நல்ல பெல்ட்டும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் மரம் தேய்க்கிற ரகம். ஒரு வருடம் மல்லுக்கட்டிவிட்டு அதை விற்றேன். அந்தப் பணமும் அந்த ஒரு வருடமும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: என்ன செய்யப் போகிறீர்கள்?

காய்கறி நறுக்கும் கத்தி, மீன் வெட்டும் கத்தி என்றால் அலகு நேராக இருக்கும். பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தட்டையான இரும்புத் தட்டில், அதாவது பிளாட்டனில், வைத்துத் தேய்த்தால் வேலை முடியும். பாளை அரிவாள், வாழைத்தார் வெட்டும் அரிவாள், வெட்டரிவாள் என்று போனால் கதை வேறு. வளைவின் உட்பக்கம் பிளாட்டனில் உட்காராது. அதற்கு ரப்பர் போர்த்திய கான்டாக்ட் வீலோ, சிறிய விட்டமுள்ள உருளையோ வேண்டும். பிளாட்டனைக் கழற்றி அந்த இடத்தில் வீலை மாட்ட வழியில்லாத மெஷினை அரிவாள் செய்ய நினைப்பவர் வாங்கவே கூடாது. வீலை இப்போதே வாங்க வேண்டாம், மாட்ட இடம் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். நம் ஊரில் அரிவாள் என்ற சொல்லுக்கு இருக்கிற இன்னொரு பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அறிவியல் வேலைக்கோ வடிவமைக்கப்படாதது என்றால், ஆயுதக் கணக்கில் வரும். வயலுக்கும் அடுக்களைக்கும் மட்டும் செய்யுங்கள். யாருக்கு என்ன செய்து கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முகம் தெரியாத ஆள் நீளமான அலகு கேட்டு வந்தால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் வேண்டாம்.

மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கத்தியாவது அரத்தால் ராவிச் செய்து பாருங்கள். அலகின் சரிவு கூர் விளிம்பை நோக்கி எப்படி இறங்குகிறது, இரண்டு பக்கமும் ஒத்துப்போக எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். கை தப்பினால் அரம் கொஞ்சமாகத்தான் கெடுக்கும். பெல்ட் ஒரே இழுப்பில் கெடுத்துவிடும்.

இரண்டாவது படி: பெல்ட் அளவு

உலகம் முழுக்கக் கத்தி செய்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம். மில்லிமீட்டரில் 50க்கு 1829. கத்தி வேலைக்கென்றே வருகிற நல்ல பெல்ட்டுகள் இந்த அளவில்தான் எல்லா ரகத்திலும் கிடைக்கின்றன. நீளமான பெல்ட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கொஞ்சம் ஆறிவிடும், மணல் பரப்பும் அதிகம், அதனால் சீக்கிரம் மழுங்காது.

திருநெல்வேலி ஜங்ஷனிலோ டவுனிலோ ஹார்டுவேர் கடையில் போய்க் கேட்டால் ஃப்ளாப் டிஸ்க்கும் எமரித் தாளும் எடுத்துப் போடுவார்கள். 72 அங்குல பெல்ட்டை நான் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவழைக்கிறேன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெரிய சுருளிலிருந்து வெட்டி, கேட்ட நீளத்துக்கு ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மெஷின் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் போன் போட்டு, இந்த அளவில் 40, 60, 120 கிரிட் (மணலின் எண், எண் ஏற ஏற மணல் பொடியாகும்) கிடைக்குமா, செராமிக் மணல் ரகம் இருக்கிறதா, குறைந்தது எத்தனை வாங்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராத அளவில் ஓடுகிற மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

4 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள பெல்ட்டோடு, பக்கத்தில் ஒரு வட்டத் தட்டும் சேர்ந்து வருகிற மேசை மெஷின்கள் விலை மலிவு. அவை மர வேலைக்கானவை. வேகம் குறைவு, தூசிக் குழாய் பிளாஸ்டிக். இரும்புப் பொறி உள்ளே கிடக்கிற மரத்தூளில் விழுந்தால் புகையும். பிடிக்கு மரத்துண்டைத் தட்டையாக்க நல்லது. இரும்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது படி: மோட்டாரும் வேகமும்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, பொறுமையாகப் படியுங்கள்.

பெல்ட்டின் வேகத்தை நீங்களே கணக்குப் போடலாம். மோட்டாரில் மாட்டியிருக்கும் டிரைவ் வீலின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் சுற்றளவு. அதை மோட்டாரின் நிமிடச் சுற்றால் பெருக்கினால் நிமிடத்துக்கு எவ்வளவு தூரம் பெல்ட் ஓடுகிறது என்று வந்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 2 போல் (காந்த முனை) மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2880 சுற்றும், 4 போல் மோட்டார் சுமார் 1440 சுற்றும் ஓடும். 2880 மோட்டாரில் 100 மில்லி வீல் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 904 மீட்டர், நொடிக்கு 15 மீட்டர். அதே மோட்டாரில் 150 மில்லி வீல் என்றால் நொடிக்கு 22 மீட்டரைத் தாண்டும். 1440 மோட்டாரில் 150 மில்லி வீல் போட்டால் நொடிக்கு 11 மீட்டர்.

அமெரிக்கக்காரர்களின் வீடியோவைப் பார்த்து வீல் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், மோட்டார் வேகமும் அதற்கேற்பக் கூடுதல். கணக்கை நம் 2880க்குப் போடுங்கள்.

பழகுகிறவருக்கு நொடிக்கு 10 முதல் 15 மீட்டர் வரை நிதானமான வேகம். செராமிக் பெல்ட் முழுப் பலனையும் தருவது 20 மீட்டருக்கு மேல். பிடியை உருட்டவும் கடைசிக் கூர் வைக்கவும் மிகக் குறைந்த வேகம் வேண்டும். இதையெல்லாம் ஒரே மெஷினில் பெறத்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி.

விஎஃப்டி வாங்கும்போது ஒரு விஷயம் கவனம். அது மூன்று ஃபேஸ் மோட்டாரைத்தான் ஓட்டும். வீட்டு 230 வோல்ட் ஒற்றை ஃபேஸை உள்ளே கொடுத்தால், வெளியே 230 வோல்ட் மூன்று ஃபேஸாகத் தருகிற ரகம் உங்களுக்கு வேண்டும். இங்கே கிடைக்கும் 2 ஹெச்பி மூன்று ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வருபவை. ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று காயிலையும் இணைக்கும் இரண்டு முறைகள். ஸ்டாரில் இருக்கும் மோட்டாரை அப்படியே 230 வோல்ட்டில் இணைத்தால் சும்மா சுற்றும்போது நன்றாகத்தான் இருக்கும். இரும்பை வைத்து அழுத்தினால் சோர்ந்து நின்றுவிடும். டெல்டா இணைப்புக்கு மாற்றினால்தான் முழு இழுவை வரும். மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். 415 வோல்ட்டுக்கே டெல்டா என்று எழுதியிருந்தால் அந்த மோட்டார் வேண்டாம். ஸ்டார் என்றால் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனை இருந்தால் தகடுகளை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. மூன்றுதான் என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கிறது, காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து ஆறு முனையையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். கைதேர்ந்தவருக்கு அது சின்ன வேலைதான். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

எத்தனை ஹெச்பி? 72 அங்குல பெல்ட்டுக்கு 2 ஹெச்பி மனநிறைவாக இருக்கும். 1 ஹெச்பியில் சமையலறைக் கத்தி செய்யலாம், பொறுமை வேண்டும். கையில் பணம் மிகக் குறைவு என்றால், பழைய மாவு மில் மோட்டார் நல்ல நிலையில் கிடைக்கிறதா பாருங்கள். 2 ஹெச்பி, 1440 சுற்று, ஒற்றை ஃபேஸ் மோட்டார், அதில் 150 மில்லி வீல், விஎஃப்டி இல்லை. ஒரே வேகம்தான், ஆனால் கற்றுக்கொள்ள அது போதும். எந்த மோட்டாராக இருந்தாலும் மூடிய உடம்பும் வெளியே விசிறியும் உள்ள ரகமாக இருக்கட்டும். துவாரம் உள்ள மோட்டார் இரும்புத்தூளை இழுத்துக் காயிலுக்குள் சேர்த்துக்கொள்ளும். விஎஃப்டிக்கும் இதே பேச்சு. ஐபி 65 என்று போட்ட தூசி புகாத பெட்டியோடு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு பெட்டிக்குள் வைத்து மெஷினுக்குத் தள்ளிச் சுவரில் மாட்டுங்கள். நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் தண்ணீர் ஏறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம்.

நான்காவது படி: வீல்

பெல்ட் வீலின் நடுவில் நிற்பதற்கு ஒரு எளிய தந்திரம்தான் காரணம். டிராக்கிங் வீல் தட்டையாக இருக்காது, நடுவில் லேசாக மேடு கட்டியிருக்கும். பெல்ட் எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும். பின்னால் உள்ள திருகைத் திருப்பி அந்த வீலைச் சற்றுச் சாய்த்தால் பெல்ட் இடமோ வலமோ நகரும்.

எனக்கு வீல் கடைந்து கொடுத்த பேட்டை டர்னர் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது முதலில் ஒப்பவில்லை. "வீலுன்னா தட்டையாத்தான தம்பி இருக்கணும், நடுவுல மேடு வச்சா பெல்ட்டு சறுக்காதா?" என்றார். கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவரே, "பழைய ரைஸ்மில்லுல நீள பெல்ட்டு ஓடுமே, அந்தப் புல்லி இப்படித்தான் இருக்கும். சரி, புரிஞ்சிட்டு" என்றார். அப்புறம் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் டர்னரிடமும் ரைஸ்மில் புல்லி என்று சொல்லிப் பாருங்கள்.

அளவு வேண்டுமென்றால்: வீலின் அகலம் 55 மில்லி, விளிம்பு நடுவைவிட அரை மில்லியிலிருந்து ஒரு மில்லிக்குள் தாழ்ந்திருந்தால் போதும். டிரைவ் வீல் தட்டையாகவே இருக்கலாம். அலுமினியத்தில் கடைவது நல்லது, எடை சீராக இருக்கும். பிளாட்டனுக்கு மேலும் கீழும் இருக்கும் 50 மில்லி உருளைகள், பெல்ட் நொடிக்கு 22 மீட்டர் ஓடும்போது நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். அங்கே சில்லறைப் பேரிங் நிற்காது. இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 6202 பேரிங், தெரிந்த கம்பெனியுடையதாகப் பார்த்துப் போடுங்கள். டிரைவ் வீலின் துளைக்கு மோட்டார் ஷாஃப்டை வெர்னியரில் அளந்த பிறகே டர்னரிடம் போங்கள். 2 ஹெச்பி, 2880 மோட்டாரில் பெரும்பாலும் 24 மில்லி ஷாஃப்ட், வீல் வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டை 8 மில்லி. 1 ஹெச்பி என்றால் 19 மில்லி.

ஐந்தாவது படி: வாங்குவதா, செய்வதா?

முழு மெஷினாகத் தயாராக வருவது வசதி, விலை அதிகம். தெரிந்த வெல்டரும் டர்னரும் உங்களுக்கு இருந்தால் செய்துகொள்வதே கையைக் கடிக்காது. நடுவழி ஒன்றும் உண்டு: வீல் செட்டை மட்டும் தயாராக வாங்கி, சட்டத்தை உள்ளூரில் வெல்டிங் செய்துகொள்வது. முதல் முறை செய்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சட்டம் கொஞ்சம் முரடாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. வீல் கோணினால் எல்லாம் கெடும்.

எனக்கு மொத்தம் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி ஆயிற்று. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாருக்கும் விஎஃப்டிக்கும் போயிற்று, மீதி வீலுக்கும் இரும்புக்கும் கூலிக்கும். விலை மாறும், இந்தப் பங்கு பெரிதாக மாறாது. பெயின்ட், சாய்த்துப் படுக்க வைக்கும் வசதி, விளக்கு இவற்றுக்குக் காசு கொடுக்க இன்னும் காலம் இருக்கிறது. தனியாக ஒரு தொகையைப் பெல்ட்டுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மெஷினில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, மழுங்கிய பெல்ட்டில் அழுத்தி அழுத்தி அலகைச் சுட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஆறாவது படி: காசு கொடுக்கும் முன் சோதனை

புதியதோ பழையதோ, ஒரு லாரிப் பட்டைத் துண்டையும் ஒரு மூலைமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு வீலையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கையால் சுற்றினால் கரகரப்பில்லாமல் ஓட வேண்டும். பிளாட்டனில் மூலைமட்டத்தின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், நடுவில் ஒளி தெரிந்தால் குழிந்திருக்கிறது. வேலையைத் தாங்கும் ரெஸ்ட் பெல்ட்டுக்கு நேர்க்கோணத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பத்து நிமிடம் ஓட விடுங்கள். பெல்ட் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரைச் சட்டத்தின் மேல் வைத்தால் மேற்பரப்பு நடுங்கும், அது சரி. துள்ளினால் வீல் கோணல். டிராக்கிங் திருகைத் தொடாமலே பெல்ட் ஒரே இடத்தில் நிற்கிறதா பாருங்கள். கடைசியாகப் பட்டைத் துண்டை நன்றாக அழுத்துங்கள். மோட்டார் முனகலாம், நிற்கக் கூடாது. பெல்ட் விலகி ஓடக் கூடாது. விற்பவர் அழுத்த விடவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஏழாவது படி: நிறுத்தும் இடம்

2 ஹெச்பி மெஷினுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன் இழுத்து, எர்த் சரியாகப் போட்டு, கை எட்டும் தூரத்தில் நிறுத்தும் சுவிட்சு வையுங்கள். விற்கத் தொடங்கினால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டக் கூடாது, சிறுதொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

ஓலைக் கொட்டகையிலும் வைக்கோல் படப்புக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடிக் காற்றில் ஒரு பொறி எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குத் தெரியும். பெல்ட்டுக்கு நேர் கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் பாதிப் பொறியும் தூளும் அதில் விழுந்துவிடும். அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே இடத்தில் தேய்த்துத் தூளைக் கலக்க விடாதீர்கள், அந்தக் கலவை பற்றினால் அணைப்பது கடினம்.

சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டும் தோளில் துண்டு போட்டுக்கொண்டும் மெஷின் முன்னால் நிற்கக் கூடாது. துணிக் கையுறையும் வேண்டாம், பெல்ட் அதைப் பிடித்தால் விரலோடு இழுக்கும். கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி, மூக்குக்கு முகத்தில் ஒட்டி உட்காரும் தூசி முகமூடி. கைக்குட்டை கட்டுவது போதாது. சளியில் கறுப்பு வந்தால் முகமூடி சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

எட்டாவது படி: முதல் பெல்ட்டுகளும் முதல் நாளும்

தொடங்குவதற்கு 40 கிரிட் செராமிக் மூன்று, 60 கிரிட் செராமிக் இரண்டு, 120 இரண்டு, 220 இரண்டு போதும். 120க்கு மேல் சாதாரண அலுமினியம் ஆக்சைடே போதுமானது. செராமிக் மூன்று நான்கு மடங்கு விலை, ஆனால் இரும்பை வெட்டி எடுக்கிற வேலையில் அந்த விலைக்கு மேலேயே உழைக்கும். 220க்குப் பிறகு மெருகுக்குத் தண்ணீர் எமரித் தாளில் கை வேலை செய்யுங்கள், அழகாக வரும்.

உலையில் அடித்த அலகின் மேல் கறுப்புச் செதில் படிந்திருக்கும். அது புது பெல்ட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அலகை ஓர் இரவு வினிகரில் போட்டுவையுங்கள், காலையில் தேய்த்தால் உதிர்ந்துவிடும். பெல்ட்டுகளை மடித்து வைக்காமல் அகலமான குழாயில் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் ஒட்டு விட்டுப்போகும், அந்த இரண்டு மாதமும் மூடிய பெட்டியில் வையுங்கள். ஒட்டு பிரிந்த பெல்ட்டை ஓட்டாதீர்கள், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

முதல் நாள் நல்ல பட்டையை எடுக்காதீர்கள். பழைய இரும்புக்கடையில் மென்மையான இரும்புத் தகடு நாலைந்து துண்டு வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் சரிவு இறக்கிப் பாருங்கள். விளிம்பின் நடுவில் மார்க்கரால் கோடு போட்டு, இரண்டு சரிவும் அந்தக் கோட்டில் வந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கையை நகர்த்தாமல் உடம்பையே இடவலமாக அசையுங்கள். நாலு துண்டும் வீணாகட்டும், ஐந்தாவது துண்டில் கை பழகியிருக்கும்.

துவைச்சல் போட்ட, அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிப் பதம் ஏற்றிய, அலகைத் தேய்க்கும்போது வெறும் கையால்தான் பிடிக்க வேண்டும். விரலுக்குச் சூடு பட்ட அந்த நொடியே வாளியில் முக்குங்கள். விளிம்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் 200 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, நீலமாகிவிட்டால் 300ஐ ஒட்டி. நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது, கூர் நிற்காது. அந்தப் பகுதியைத் தேய்த்துத் தள்ளிவிடலாம், இல்லாவிட்டால் மறுபடி உலையில் வைத்துத் துவைச்சல் போட வேண்டும். கூர் ஏறிய பிறகு பெல்ட் ஓடுகிற திசைக்கு எதிராகக் கத்தியின் வாயை, அதாவது கூர் விளிம்பை, காட்டாதீர்கள், பெல்ட் அதில் மாட்டிக் கத்தியைப் பிடுங்கி எறியும். முதுகு மேலே, வாய் கீழே, பெல்ட் வாயைத் தாண்டி இறங்கிப் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் பெல்ட் இழுவையைத் தளர்த்திவிட்டு, மோட்டார் விசிறி மூடியில் படிந்த தூளைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாளியின் அடியில் சேர்ந்த இரும்புச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாமல், காயவைத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.